பேரு, அப்பா பேரு, ஊரு

"யாரு?"

"நான்தான் அண்ணாச்சி, டைம் ஆபீஸ்."

"டைம் ஆபீஸ்னு ஒரு பேரா? பேரு, அப்பா பேரு, ஊரு சொல்லுங்க தங்கச்சி."

முந்தின நாள் சாயங்காலம் அதே மில் வாசலில் என்னைச் சிரித்து அனுப்பி வைத்தவர்தான் மறுநாள் காலை எட்டரைக்கு இப்படிக் கேட்பார். ஒருநாள் இரண்டுநாள் இல்லை. ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த நூல் மில்லில் அவர் வாட்ச்மேனாக இருந்த ஒன்பது வருஷமும் இதே கூத்துதான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, செருப்பு மிதிபட்டு, நேரமாகிவிட்டதே என்று வேர்த்து விறுவிறுத்து நிற்பவளிடம் அப்பா பேரைக் கேட்டால் எப்படி இருக்கும்? எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "எங்கப்பா பேரு நேத்தோட மாறிப்போச்சு அண்ணாச்சி, புதுசா ஒண்ணு வச்சிருக்கோம்" என்றேன் ஒருநாள். அவர் சிரிக்கவில்லை. "அப்ப அதைச் சொல்லுங்க" என்றார். பழைய பேரையே சொன்ன பிறகுதான் தாழ்ப்பாளை நகர்த்தினார்.

அவரை எல்லாரும் மிலிட்டரி என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டாளத்திலிருந்து வந்து மில்லிலும் பாங்கிலும் காவலுக்கு நிற்பவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். டைம் ஆபீஸ் வருகைப் பதிவேட்டில் அவர் பெயரை நான்தான் எழுதி வந்தேன். ஆனாலும் இங்கே எழுதப் போவதில்லை. அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், இதைப் படிக்கக்கூடும். மிலிட்டரி என்றே இருக்கட்டும்.

மிலிட்டரி என்றதும் முறுக்கு மீசையை நினைத்துக்கொள்ள வேண்டாம். கட்டையான ஆள். மீசை கிடையாது. தினமும் மழுங்கச் சிரைத்த முகம். தாடி வைத்த பையன்களைக் கண்டால் மட்டும் எரிச்சல் வரும். "மூஞ்சிய மூடி வச்சிட்டு வாரானுவ, எவன் எவன்னு எப்படித் தெரியும்?" என்பார். வயசுக் கோளாறு என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

மற்ற மில்களில் வாட்ச்மேன் என்றால் வெளியே போகிறவர்களின் பையைச் சோதிப்பார். நூல்கோன் எதுவும் களவு போகிறதா என்று பார்ப்பதுதான் அந்த வேலை. இவர் பையைத் தொடவே மாட்டார். உள்ளே வருகிறவர்களின் வாயிலிருந்து மூன்று விஷயம் வரவேண்டும், அவ்வளவுதான். விரலை வைத்தால் பதிகிற மெஷினை மில்லில் வாங்கி வைத்தபோது, இனியாவது விடுதலை என்று நினைத்தோம். "மெஷினு வெரலத்தான பாக்கு? செத்தவன் வெரல வச்சாலும் உள்ள விட்டுரும்" என்று சொல்லிவிட்டு, மெஷினுக்கு முன்னால் நின்று வழக்கம்போலக் கேட்க ஆரம்பித்துவிட்டார். ஷிப்ட் மாறும் நேரத்தில் வாசலில் நூறு பேர் வரிசையில் நின்று அப்பா பேரைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ரோட்டில் போகிறவர்கள் என்னமோ பள்ளிக்கூடம் என்று எட்டிப் பார்ப்பார்கள்.

ஒருதடவை முதலாளியின் அம்மா காரில் வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். அவரையும் நிறுத்திவிட்டார் மிலிட்டரி. டிரைவர் ஹார்ன் அடி அடியென்று அடிக்கிறான். அந்த அம்மாள் கண்ணாடியை இறக்கி, "நேனு எவரோ தெலியதா?" என்றார். நான் யாரென்று தெரியாதா என்கிறார்.

"தெரியும்மா. உங்க வாயால சொல்லுங்க."

நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள் இன்றோடு காலி என்றே நினைத்தேன். ஆனால் அந்த அம்மாள் செத்த நேரம் அவரைப் பார்த்தார். பிறகு தன் பேரையும் அப்பா பேரையும் பிறந்த ஊரையும் சொன்னார். உள்ளே வந்து, "எனக்குக் கல்யாணமாகி அம்பது வருசமாச்சு. எங்க நாயனா பேரை இத்தனை வருசத்துல ஒருத்தரும் கேட்டதில்ல" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு மிலிட்டரியைப் பற்றி யார் புகார் சொன்னாலும் எடுபடவில்லை.

கூட்டிப் பெருக்கும் அக்கா ஒருத்தி இருந்தாள். பிறவியிலேயே பேச்சு கிடையாது. அவளிடம் என்ன கேட்பார் என்று பார்க்க முதல்நாள் ஒரு கூட்டமே நின்றது. மிலிட்டரி அவள் தூக்குவாளியைக் காட்டித் தட்டச் சொன்னார். அவள் மூடியில் மூன்று தட்டு தட்டினாள். கதவு திறந்தது. அன்றிலிருந்து அவளுக்கு அதுதான். அவள் வரும் சத்தம் கேட்டே நேரம் சொல்லலாம்.

மற்றவர்களைக் கேட்பது போலவே, தான் எங்கே போனாலும் தன்னை முன்கூட்டியே அறிவித்துவிடுவார். டைம் ஆபீஸுக்குப் பத்தடி தள்ளி நின்று, "நான் மிலிட்டரி வாரேன்" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் வருவார். டீக்கடைக்கும் அப்படியே, கக்கூஸுக்கும் அப்படியே. அவர் மனைவியை ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது கேட்டேன். "அத ஏன் கேக்கீக! தெருமுக்குல நின்னு பேரு, எங்க மாமனாரு பேரு, ஊரு எல்லாம் சொல்லிட்டுத்தான் வீட்டுக்குள்ள வருதாக. தெரு நாய்க்கெல்லாம் எங்க மாமனாரு பேரு மனப்பாடம்" என்று அவர் சொல்லிச் சிரித்தார்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தும். பஞ்சு லாரி பின்னால் எடுக்கும்போது கிளீனர் வெள்ளைத் துணியை ஆட்டி வழி காட்டுவான். துணி அசைந்துவிட்டால் போதும், மிலிட்டரி குடித்துக்கொண்டிருக்கும் டீயைக் கீழே வைத்துவிட்டு வேகமாக நடந்து போய் அந்தக் கிளீனரின் பேரைக் கேட்பார். லாரி நின்றுவிடும். டிரைவர் திட்டுவான். கேட்டுவிட்டுத் திரும்பி வருவார். டீ ஆறியிருக்கும். அதை அப்படியே ஊற்றிவிடுவார்.

அவர் வந்து ஏழு வருஷம் கழித்து, டெஸ்டிங் லேபுக்கு ஒரு பெண் வேலைக்கு வந்தாள். பி.எஸ்ஸி. முடித்தவள், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயசு இருக்கும். முதல்நாள் வாசலில் வந்து நின்றாள். நான் ஜன்னலோரம் இருந்தேன்.

"பேரு, அப்பா பேரு, ஊரு."

"சண்முகக்கனி. அப்பா குருசாமி. சேத்தூர்."

தாழ்ப்பாளில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. வரிசை நீண்டுகொண்டே போகிறது. "அண்ணாச்சி, என்ன, நின்னுக்கிட்டே தூங்குதீகளா?" என்று நான் சத்தம் போட்டேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"இன்னொரு தடவ சொல்லும்மா" என்றார்.

அவள் சொன்னாள். கதவைத் திறந்தார். அன்று மத்தியானம் அவர் சாப்பாட்டு வாளி திறக்கப்படாமலே வீட்டுக்குத் திரும்பிப் போனதை நான் பார்த்தேன். உடம்புக்குச் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கனி என்னோடு சீக்கிரமே ஒட்டிக்கொண்டாள். அவள் அப்பாவும் பட்டாளத்துக்காரர். பனிமலை எல்லையில் நடந்த சண்டையில், இவள் இரண்டு வயசாக இருக்கும்போதே இறந்துபோனார். எதிரி பிடித்து வைத்திருந்த இடத்திலிருந்து தப்பி வரும்போது எதிரி சுட்டுவிட்டானாம். பெட்டியில் கொடி போர்த்தி சேத்தூருக்குக் கொண்டுவந்தார்களாம். அம்மா ஒண்டியாக வளர்த்தாள். அவளும் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. இதையெல்லாம் கனி அழாமல் சொல்லுவாள். ஒரு இடத்தில் மட்டும் முகம் மலரும்.

"சாகும்போது எம் பேரத்தான் சொன்னாகளாம்க்கா. பெட்டியோட வந்த பட்டாளத்துக்காரரு எங்கம்மாட்ட சொல்லியிருக்காக. எங்கம்மா சாகுற வரைக்கும் அதையே சொல்லிட்டு இருந்துச்சு."

அப்பா முகம் அவளுக்கு ஞாபகம் இல்லை. குரல் ஞாபகம் இல்லை. கையில் இருந்தது அந்த ஒரு வாக்கியம்தான். தினமும் காலையில் வாசலில் நின்று, "அப்பா குருசாமி" என்று அவள் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயரும். எல்லாருக்கும் தொல்லையாக இருந்த அந்தப் பழக்கம் அவளுக்கு மட்டும் பிடித்திருந்தது.

அவள் வந்த இரண்டாம் வருஷம், போனுக்குப் போன் ஒரு புரளி பரவியது. பிள்ளை பிடிக்கிறவர்கள் வடக்கேயிருந்து கூட்டமாக வந்திருக்கிறார்களாம். எவனோ எங்கேயோ எடுத்த படத்தை அனுப்பி, நம் ஊர்ப் பக்கம்தான் என்று எழுதிவிட்டான். மில்லில் வேலை பார்க்கிற வடக்கத்திப் பையன்கள் கடைக்குப் போகவே பயந்தார்கள்.

அந்த வாரம் சனிக்கிழமை மத்தியானம், சேத்தூரில் ஒரு காதுகுத்துக்காக மில் வேனில் போய்க்கொண்டிருந்தோம். நான், கனி, மிலிட்டரி, இன்னும் நாலைந்து பேர். செட்டியார்பட்டிக்குப் பக்கத்தில் ரோட்டோரம் கூட்டம். கரண்டுக் கம்பத்தில் ஒருவனைக் கட்டி வைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். வாயிலிருந்து ரத்தம் சட்டையில் ஒழுகியிருந்தது. பாதிப்பேர் கையில் போனை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கட்டப்பட்டிருந்தவன் எங்கள் மில்லில் சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆன ஒடிசாக்காரன். கடையில் முறுக்கு வாங்கியிருக்கிறான். பக்கத்தில் நின்ற குழந்தைக்கு ஒன்று கொடுத்திருக்கிறான். அவ்வளவுதான் அவன் செய்தது.

வேன் நிற்பதற்கு முன்னாலேயே மிலிட்டரி குதித்துவிட்டார். "நான் வாரேன்! மில்லு வாட்ச்மேன் மிலிட்டரி வாரேன்! வழி விடுங்க!" என்று தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு போனார். கூட்டத்தைப் பிளந்து அவனுக்கு முன்னால் போய், ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். எவனோ வீசிய கம்பு அவர் தோளில் விழுந்தது. அவர் திரும்பவில்லை.

"நாம்? பாப் கா நாம்? காவ்?"

அதே மூன்று கேள்வி, இந்தியில். அவன் நடுங்கினானே தவிர வாய் திறக்கவில்லை. மிலிட்டரி மறுபடி கேட்டார். தோளில் இன்னொரு அடி விழுந்தது. மூன்றாம் தடவை கேட்டபோது அவன் அழுதுகொண்டே சொன்னான். மிலிட்டரி கூட்டத்தின் பக்கம் திரும்பி, அவன் சொன்ன மூன்றையும் சத்தமாகத் திருப்பிச் சொன்னார்.

"நம்ம மில்லுல வேலை பாக்கான். ஒங்கள்ல ஒருத்தராவது இவன்ட்ட இதைக் கேட்டீகளா?"

"கேட்டா மட்டும் வெளங்கவா போவுது?" என்றான் முன்னால் நின்ற ஒருவன்.

"வெளங்காட்டியும் கேக்கணும்லே! கேக்காம கையை ஓங்கக் கூடாதுலே!"

அந்தக் குரலை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. அது முன்னால் நின்றவனிடம் மட்டும் பேசிய குரலாகத் தோன்றவில்லை. கூட்டத்தில் வயதான ஒருத்தி, "ஏலே, அவுத்து விடுங்கலே, பாவம்" என்றாள். ஒருவன் போனைப் பைக்குள் போட்டான். மிலிட்டரியே கட்டை அவிழ்த்து, அவனைத் தோளில் சாய்த்து வேனுக்குக் கொண்டுவந்தார்.

காதுகுத்துக்குப் போகவில்லை; ஆஸ்பத்திரிக்குத் திரும்பினோம். கனி துப்பட்டாவை நனைத்து மிலிட்டரியின் தோளில் ஒத்தடம் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே சொன்னாள்:

"எங்கப்பா இருந்திருந்தா உங்கள மாதிரிதான் மாமா இருந்திருப்பாக."

மிலிட்டரி வேனை நிறுத்தச் சொன்னார். இறங்கி, சாலையோரம் குனிந்து வாந்தி எடுத்தார். அடி பலமாக விழுந்துவிட்டது என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

ஒடிசாக்காரன் பிழைத்துவிட்டான். மில்லில் மிலிட்டரிக்கு ஏக மரியாதை. சுதந்திர தினத்தன்று கொடியேற்றியதும் அவருக்குப் பொன்னாடை போர்த்துவது என்று முடிவானது. யார் போர்த்துவது என்று பேச்சு வந்தபோது, "நாட்டுக்காக உயிரை விட்டவரோட மக நம்ம லேப்ல இருக்கா, அவ கையால போத்துவோம்" என்று சொன்னது யார்? நான்தான். என் வாயை என்ன செய்வது? எல்லாரும் கைதட்டினார்கள். கனி கடைக்குப் போய் அவளே துண்டு எடுத்து வந்தாள். பச்சை நிறம், சரிகைக் கரை.

மறுநாள் டைம் ஆபீஸுக்குப் பத்தடி தள்ளி இருமல் சத்தம் கேட்டது. "நான் மிலிட்டரி வாரேன்."

"வாங்க அண்ணாச்சி, ஹீரோ!"

"தங்கச்சி, பொன்னாடை வேண்டாம்னு சொல்லிருங்க. அந்தப் பொண்ணு கையால வேண்டவே வேண்டாம்."

"ரொம்பத்தான் பண்ணாதீக. அது ஆசையா துணி எடுத்து வச்சிருக்கு."

அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "வர ஞாயித்துக்கிழம அந்தப் பொண்ண உங்க வீட்டுக்குக் கூப்பிடுங்க. நான் வந்து ஒரு விஷயம் சொல்லணும். சொல்லாமலே இருபது வருசத்துக்கு மேல ஓட்டிட்டேன். நீங்களும் கூட இருக்கணும். கேட்டுட்டு அது ஒண்டியா பஸ் ஏறக் கூடாது."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு எங்கள் தெருமுக்கில் நின்று தன் பேரையும் அப்பா பேரையும் ஊரையும் சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் பின்னால் இருக்கிற தெரு. அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தார்கள். கனி முன்னாலேயே வந்து, அவருக்கென்று அரைக் கிலோ பால்கோவா வாங்கி மேஜைமேல் வைத்திருந்தாள். அவர் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"ஒங்கப்பன் குருசாமியும் நானும் ஒரே ரயில்ல லீவுக்கு வருவோம்மா" என்று ஆரம்பித்தார்.

கனிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "மாமா! இத்தன நாளு சொல்லவே இல்ல?"

"செத்த நேரம் பொறுத்துக்கம்மா. முழுசும் சொல்லிருதேன். நடுவுல நிறுத்துனா பொறவு என்னால முடியாது."

அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

"சண்டை நடக்கும்போது ஒங்கப்பனையும் இன்னும் ரெண்டு பேரையும் எதிரி பிடிச்சிட்டுப் போயிட்டான். உசுரோட இருக்காங்களா இல்லையான்னே தெரியாது. பதினோரு நாளாச்சு. பதினோராம் நாளு, எதிரி ரெண்டு பேரு வெள்ளத்துணிய ஆட்டிட்டு வந்தானுவ. சரணடைய வாரான்னு நம்ம ஆளு கிட்டப் போனாங்க. குண்டை வீசிட்டான். எங்க கூட்டத்துல நாலு பேரு போயிட்டாங்க. அதுக்குப் பொறவு உத்தரவு மாறிப்போச்சு. காவல்ல நிக்கவன் மொதல்ல 'யாரு'ன்னு கேக்கணும். மூணு தடவ கேக்கணும். அதுதான் சட்டம். இனிமே கேக்க வேண்டாம், அந்தப் பக்கமிருந்து எது வந்தாலும் சுடுன்னுட்டாங்க.

"மறுநாள் பகல் இதே நேரம் இருக்கும். பனிமூட்டம். மூணு பேரு சரிவுல இறங்கி வாரான். எதிரியோட கோட்டு. தாடி. முன்னால வந்தவன் ஒரு கையில வெள்ள பனியன ஆட்டுதான். இன்னொரு கை கோட்டுக்குள்ள இருக்கு. குண்டு வச்சிருக்கான்னு நெனச்சோம். நாங்க மூணு பேரு காவல்ல இருந்தோம். மூணு பேருமே சுட்டோம். ரெண்டு பேரு விழுந்துட்டான். மூணாவது ஆளு பாறைக்குப் பின்னால விழுந்து கத்துனான். அவன் பேரு, அவன் அப்பா பேரு, அவன் ஊரு. திரும்பத் திரும்ப அதையே கத்துனான். அப்பத்தான் துப்பாக்கிய இறக்குனோம்."

கனியின் சிரிப்பு எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை. நான் அவள் கையைப் பிடித்திருந்தேன்.

"தப்பிச்சு வந்திருக்காங்க. குளிருக்குச் செத்தவன் கோட்ட உருவிப் போட்டிருக்காங்க. நான் போயி முன்னால கிடந்தவன் மூஞ்சியத் திருப்புனேன். தாடிக்குள்ள குருசாமி. கோட்டுக்குள்ள இருந்த கையப் பாத்தேன். விரலெல்லாம் பனியில கருத்துப் போயிருந்துச்சு. வெறுங்கையி. மூணு துப்பாக்கில எதோட குண்டுன்னு யாரும் பாக்கல. நான் என்னுதுன்னே வச்சிக்கிட்டேன்."

"எதிரி சுட்டதுன்னு…" என்றேன் நான்.

"அப்படித்தான் எழுதுனாங்க தங்கச்சி. வீட்டுக்காரங்களுக்கு அதுதான் ஆறுதல்னாங்க. பக்கத்து ஊர்க்காரன், பாஷை தெரிஞ்சவன்னு பெட்டியோட என்னையே அனுப்புனாங்க. சேத்தூர்ல ஒங்கம்மா என் காலப் பிடிச்சுக்கிட்டு, 'கடைசியா என்ன சொன்னாக'ன்னு கேட்டுச்சு. ரயில்ல ஒங்கப்பன் ஒம் போட்டாவக் காட்டி ஒம் பேரைச் சொல்லியிருக்கான். அது ஞாபகம் வந்துச்சு. பாப்பா பேரச் சொன்னான்னு சொல்லிட்டேன்."

வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போனது. கனி ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப, எம் பேரச் சொல்லலியா?"

"இல்லம்மா. அவன் எதுவும் சொல்றதுக்கு நாங்க விடல. நாங்க கேக்கவே இல்ல."

அவள் எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன். கூட பஸ் ஏறப் போனேன், வேண்டாமென்று என் கையைத் தள்ளிவிட்டாள். திரும்பி வந்தபோது அவர் அதே நாற்காலி நுனியில் இருந்தார். எனக்குக் கோபம் பொங்கியது. சுட்டதற்காக இல்லை, அந்தக் குளிரிலும் பயத்திலும் நான் நின்றதில்லை, அதைப் பற்றிப் பேச எனக்கு யோக்யதை இல்லை. அந்தப் பிள்ளையிடம் இருந்த ஒரே வாக்கியத்தையும் பிடுங்கிக்கொண்டாரே என்று கோபம். "சொல்லாமலே இருந்திருக்கலாம்ல? யாரு கேட்டா உங்கள?" என்று கத்திவிட்டேன்.

"அது எனக்குப் பொன்னாடையப் போத்திருக்குமே தங்கச்சி" என்றார். "எங்கப்பா மாதிரின்னு சொல்லிச்சே."

பால்கோவாப் பொட்டலம் நூல்கூடப் பிரிக்காமல் மேஜைமேல் கிடந்தது. மூன்றாம் நாள் நான்தான் எடுத்து வெளியே போட்டேன்.

கனி வேலைக்கு வரவில்லை. போனை எடுக்கவில்லை. சுதந்திர தினம் வந்தது. மிலிட்டரி முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் பொன்னாடை இல்லாமலே கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. ராஜினாமாக் கடிதம் எழுதி என்னிடம் கொடுத்தார். "இப்பக் குடுக்காதீக. அந்தப் பொண்ணு வரட்டும். நான் போகணும்னு அது சொன்னா அன்னைக்கே குடுங்க" என்றார். அந்த நாட்களில் அவர் பேர் கேட்கும் குரல் பாதியாகக் குறைந்திருந்தது. வருகிறவர்கள், "என்ன மிலிட்டரி, தொண்டை கட்டிப்போச்சா?" என்று கேலி செய்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் காலை எட்டரைக்கு அவள் வந்தாள். நான் அவளுக்கு இரண்டு பேர் முன்னால் நின்று என் அப்பா பேரைச் சொல்லிவிட்டு உள்ளே நுழைந்திருந்தேன். அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். முகம் வற்றிப்போயிருந்தது. மிலிட்டரியும் அவளைப் பார்த்தார். பார்வையைத் தரையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் தாழ்ப்பாளை நகர்த்திக் கதவை அகலத் திறந்தார்.

அவர் கேட்காமல் கதவைத் திறந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அவள் உள்ளே வரவில்லை. பின்னால் வரிசை நெருக்கியது. எவனோ, "போங்கக்கா, தொறந்துதான கெடக்கு" என்றான். அவள் அசையவில்லை.

"கதவ அடைங்க" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அடைச்சிட்டு, கேளுங்க."

அவர் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளைப் போடக் கை வரவில்லை. இரண்டு கையாலும் தள்ளிப் போட்டார். கம்பிக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள்.

"யாரு?" என்றார். சத்தமே வரவில்லை. இன்னொரு முறை கேட்டார். "யாரு? பேரு… அப்பா பேரு, ஊரு."

"சண்முகக்கனி" என்றாள். "அப்பா குருசாமி."

செத்த நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சேத்தூர்" என்றாள்.

அவர் கதவைத் திறந்தார். அவள் அவரைத் திரும்பிப் பார்க்காமல் லேபுக்குப் போனாள். வயசாகி அவர் வேலையை விடும்வரை அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் வேறு ஒரு வார்த்தையும் பேசிக்கொண்டதாக எனக்குத் தெரியாது. மாமா என்று அவள் கூப்பிட்டதும் இல்லை. ஆனால் தினமும் காலையில் அவர் கேட்டார், அவள் சொன்னாள். ராஜினாமாக் கடிதத்தைக் கொடுக்கச் சொல்லி அவள் என்னிடம் வரவே இல்லை. அது டைம் ஆபீஸ் மேஜை டிராயரிலேயே கிடந்தது.